அணிந்துரைக்காக அகற்றிய அத்தியாயம்

ஒரு போரைப் பற்றிய கையெழுத்துப் பிரதி உங்கள் மேசைக்கு வந்தால், முதலில் அதில் மண்ணெண்ணெய் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அரிசி எங்கிருந்து வந்தது, சோப்பு எப்படிக் கிடைத்தது, சைக்கிள் டயர் கிழிந்தபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் முந்நூறு பக்கமும் துப்பாக்கி மட்டும் வெடித்துக்கொண்டிருந்தால், எழுதியவர் அந்தப் போரின் பக்கமே போகாதவர். இதை எனக்குச் சொன்னவர், எங்கள் அச்சக வாசலில் குடையை உதறிவிட்டு என்னைத் திட்டுவதற்கென்றே உள்ளே வந்த ஓர் அம்மையார்.

பதிப்பு வேலைக்கு இப்போது வந்திருக்கும் நீங்கள் கணினியில் பக்கம் கட்டுகிறீர்கள். ஈய எழுத்துக் காலத்துக் கதைகளைச் சொல்லி உங்களைச் சலிப்பூட்ட மாட்டேன். எந்த வரியை வைப்பது, எதை எடுப்பது, யார் சொன்னால் எடுப்பது என்ற கேள்விகள் அப்போதும் இப்போதும் ஒன்றுதான். கடைசிக் கேள்வியில் நான் தோற்றேன். மேடைகளில் என்னைத் துணிச்சலான பதிப்பாசிரியர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு நடந்தது பாதிதான் தெரியும். மீதியை நானே எழுதிவிடுகிறேன். பழையதைக் கிளறாதீர்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சை ஒரு முறை கேட்டுக் கெட்டது போதும்.

எங்கள் அச்சகம் பினாங்கில் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முதலாளி தமிழ் முஸ்லிம். கல்யாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், நாட்காட்டி என்று அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து ஓடிய தொழில். எழுபதுகளில் நான் பள்ளிக்கூட வேலையை விட்டு அங்கே சேர்ந்த பிறகு புத்தகங்களும் போடத் தொடங்கினோம். நான் பட்டம் பெற்றவன் என்பதில் முதலாளிக்குப் பெருமையும் கிண்டலும் சம அளவில் இருந்தன.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இலங்கைப் போர் என் வீட்டுச் சங்கதி இல்லை. பினாங்கில் மூன்று தலைமுறையாக வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்திருந்தன. எண்பதுகளில் அந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்த கெட்ட செய்திகளை நான் வெளியில் நின்றுதான் கேட்டேன். புத்தகத்தில் பிழைப்பவன் புத்தகத்தைத்தானே தேடுவான்? கிடைத்த நாவல், சிறுகதை, நினைவுக்குறிப்பு எல்லாவற்றையும் வாங்கிப் படித்தேன். எனக்குப் போர் புரிந்துவிட்டது என்று நம்பினேன். அந்தத் தைரியத்தில், பட்டர்வொர்த்தில் எழுத்தராக இருந்த ஒருவரின் போர் நாவலைத் திருத்தி வெளியிட்டேன். வெளியீட்டு விழாவில் அதன் கடைசிப் பக்கத்தை ஒருவர் வாசித்தபோது அரங்கமே கைக்குட்டையை எடுத்தது. நானும் எடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழை நாளில் அந்த நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு தவமணி டீச்சர் வந்தார்.

"இதைத் திருத்தினது ஆர்?"

"நான்தாங்க. உட்காருங்க."

"நான் இருக்க வரேல்லை. இதிலை வாற ஆக்கள் எல்லாம் என்ன சாப்பிட்டவை?"

"என்னங்க?"

"நாலு வருசம் சண்டை நடக்குது. ஒருத்தரும் அடுப்பு மூட்டேல்லை. ஒருத்தருக்கும் காய்ச்சல் வரேல்லை. கதாநாயகன் ஒவ்வொரு அத்தியாயத்திலையும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வாறான். அவனுக்குச் சவுக்காரம் ஆர் குடுத்தது?"

உள்ளே இருந்து முதலாளியின் சிரிப்புச் சத்தம் வந்தது. "பதில் சொல்லுங்க தம்பி. பி.ஏ. படிச்சிருக்கீங்கல்ல? சோப்பு யாரு கொடுத்தா?"

"எழுதினவர் யாழ்ப்பாணத்தைக் கண்டவரோ?" என்றார் டீச்சர்.

"இல்லைங்க. பட்டர்வொர்த்துக்காரர்."

"அதுதானே பாத்தன்."

அதற்குப் பிறகு உட்கார்ந்தார். தேநீரும் குடித்தார். யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியை. கணவர் இறந்துவிட்டார். சில மாதங்களுக்கு முன்னால் மகனை அழைத்துக்கொண்டு, டத்தோ கிராமாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். போகும்போது, தானும் கொஞ்சம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"நல்ல தமிழ் இல்லை. ஆனா எல்லாரும் சாப்பிடுவினம்."

அப்படித்தான் இருந்தது அந்தப் பிரதி. பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் அருகியபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு எரித்த விளக்கு. மின்கலம் கிடைக்காததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, அந்த டைனமோவில் மற்றவர்கள் கேட்ட வானொலிச் செய்தி. சுற்றுகிறவருக்கு மட்டும் மூச்சிரைப்பில் எதுவும் கேட்காது, அவருக்கு மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானச் சத்தத்தை வைத்து எந்த வகை என்று சொல்லத் தெரிந்த ஆறு வயதுப் பிள்ளைகள். பதுங்குகுழிக்குள் பாம்பு இருந்ததால் வெளியே நிற்பதா உள்ளே போவதா என்று ஒரு குடும்பம் சண்டை போட்டது. இரண்டு நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை.

நாவலை நான் மட்டமாகச் சொல்லவில்லை. நினைவுக்குறிப்பு எழுதுகிறவர் தான் நின்ற சன்னலிலிருந்து தெரிந்ததை மட்டும்தான் எழுத முடியும். பக்கத்து வீட்டு அறைக்குள், விசாரிப்பவனின் மனதுக்குள், நாவல்தான் போகும். ஆனால் நினைவுக்குறிப்பு எழுதுகிறவர் எங்காவது ஓரிடத்தில் தன்னையே கூண்டில் நிறுத்துவார். அந்த இடம் வரும்வரை அவரை முழுவதும் நம்பாதீர்கள். அது வந்துவிட்டால் மற்றதையெல்லாம் நம்பலாம். தவமணி டீச்சருக்கு அந்த இடம் பன்னிரண்டாம் அத்தியாயம்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, ஊரைக் கையில் வைத்திருந்த இயக்கத்திடம் பாஸ் வாங்க வேண்டும். திரும்பி வருவார்கள் என்பதற்கு ஒருவர் பிணை நின்று கையெழுத்துப் போட வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். டீச்சரின் மகனுக்குப் பதினாறு வயது. அந்த வயதுப் பையன்கள் ஒவ்வொருவராக இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு, போக வைக்கப்பட்டவர்களும் உண்டு. அவனுக்கு ஆஸ்துமா இருந்தது. கொழும்பில் வைத்தியம் என்று சொல்லி ஒரு மாதப் பாஸ் கேட்டார். பிணைக்கு வந்தவர் பொன்னுத்துரை, இறந்துபோன கணவரின் நண்பர், கூட்டுறவுக் கடை மேலாளர். பாஸ் கொடுக்கும் இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவன் டீச்சரிடம் படித்த பையன். "ரீச்சர், ஒரு மாசம். நீங்கள் வராட்டி இவர்தான்" என்றான். பொன்னுத்துரை தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஏன் படிக்கவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, "வாசிச்சா யோசிப்பன். யோசிச்சா கை நடுங்கும்" என்றாராம். படகு ஏறும் இடம்வரை பையைத் தூக்கி வந்து கொடுத்துவிட்டு, "பொடியனைக் கொண்டு போங்கோ. திரும்பி வந்திடாதையுங்கோ" என்றார்.

டீச்சர் திரும்பவில்லை. பொன்னுத்துரையைக் கொண்டுபோனார்கள். அவர் மீண்டு வரவில்லை.

ஊருக்கு இந்தப் பிணை விவகாரம் தெரியாது. இயக்கம் ஒருவரைக் கொண்டுபோனால் ஊர் ஒரே காரணத்தைத்தான் நினைக்கும்: காட்டிக்கொடுத்திருப்பார். பொன்னுத்துரையின் ஒரே மகள் கனடாவில் இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் பேசிய இரண்டு வீட்டிலும், அந்தத் துரோகியின் மகளா என்று கேட்டு விலகிவிட்டார்கள். உண்மை தெரிந்தவர் டீச்சர் ஒருவர்தான். பொன்னுத்துரை தெரிந்தே கையெழுத்துப் போட்டார் என்று எழுதியவர் அடுத்த வரியில் இப்படி எழுதியிருந்தார்: திரும்பி வர வேண்டாம் என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன். என் பிள்ளைக்கு விலையாக அவரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வரியைப் படித்தபோது என் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நம் ஊரில் தமிழ்ப் புத்தகம் எப்படி விற்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அப்போதும் அப்படித்தான். கடையில் தூசி படியும், வெளியீட்டு விழாவில் விற்கும். ஒரு பிரமுகர் மேடையில் முதல் பிரதியை வாங்கினால் அவரைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து வாங்குவார்கள். அந்தப் பிரமுகரிடமே அணிந்துரையும் கேட்போம். பக்கம் கட்டியதும் ஒரு படி மரியாதைக்கு அவருக்குப் போகும். படிக்க மாட்டார். "நீங்களே எழுதிக் கொண்டாங்க, சைன் போடுறேன்" என்பார். பிரமுகருக்கு ஒன்று, கோயில் தலைவருக்கு ஒன்று, அரசியல்வாதிக்கு ஒன்று என்று அணிந்துரைகளை நானே தயாராக எழுதி வைத்திருந்தேன். இந்தப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தவர் சங்கத் தலைவரைப் பிடித்தோம். ஓய்வு பெற்ற டாக்டர், நல்ல மனிதர். அவர் அந்த மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பொழுது போகவில்லை. முழுவதையும் படித்துவிட்டார்.

என்னை வீட்டுக்கு அழைத்தார். கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தார்.

"தம்பி, ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. ஐ கிரைட், யு நோ. ஆனா பன்னிரண்டாவது சாப்டர் வேணாம் லா."

"அது உண்மைன்னு டீச்சர் சொல்றாங்க டாக்டர்."

"உண்மை இல்லன்னு நான் சொன்னேனா? என் அக்கா இன்னும் அங்கதான் இருக்கா. வயசானவ, தனியா இருக்கா. என் பேரு முதல் பக்கத்துல. இந்தக் கதை பன்னிரண்டாவதுல. நாளைக்கு ஒருத்தன் போய் அவ கதவைத் தட்டினா? யு ஆன்சர் மீ."

 அவர் கோழை இல்லை. அவருடைய பயம் உண்மையானது. அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். பதிப்பு வேலையில் அழுத்தம் கொடுப்பவர் எப்போதும் கெட்டவராக வர மாட்டார். தேநீர் கொடுப்பார், அக்காவைப் பற்றிப் பேசுவார்.

"போர் முடியட்டும் தம்பி. அப்புறம் போட்டுக்கலாம். என்ன அவசரம்?"

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இன்று எனக்குத் தெரியும். அப்படியானால் உங்கள் அணிந்துரை வேண்டாம் டாக்டர், உங்கள் பெயரே இல்லாமல் புத்தகம் வரட்டும். இவ்வளவுதான். அவருடைய அக்காவும் பாதுகாப்பாக இருந்திருப்பார், பன்னிரண்டாம் அத்தியாயமும் இருந்திருக்கும். பிரமுகர் இல்லாமல் ஒரு தமிழ்ப் புத்தகம் வெளிவரலாம் என்ற எண்ணமே இருபது வருட அனுபவம் உள்ள எனக்கு வரவில்லை. அணிந்துரையையும் அத்தியாயத்தையும் தராசில் வைத்து, அத்தியாயத்தைக் கீழே எடுத்து வைத்தேன்.

மறுநாள் டத்தோ கிராமாட்டுக்குப் போனேன். டீச்சரின் அண்ணன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அருகில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் டாக்டர் பேசியிருந்தார். நான் அழகாகத்தான் பேசினேன். புத்தகத்தின் ஓட்டம், வாசகரின் மனநிலை, இரண்டாம் பதிப்பில் சேர்க்கும் வாய்ப்பு என்றெல்லாம் சொன்னேன். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஒண்டை எழுதத்தான் தம்பி மற்ற எல்லாத்தையும் எழுதினனான்."

"புரியுதுங்க டீச்சர். பொன்னுத்துரையோட பொண்ணுக்கு ஒரு கடிதம் எழுதிட்டா..."

"எழுதிப்போட்டன். அவளுக்குத் தெரியும். அவளைக் கேள்வி கேக்கிற ஆக்களுக்கு ஆர் சொல்லுறது? கடிதத்தைக் கொண்டுபோய் வீடு வீடாக் காட்டுறதோ? புத்தகத்திலை இருந்தாத்தான் சனம் நம்பும்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "தவம், நாங்க இந்த ஊர்ல இருக்கணும். டாக்டர் இல்லாம உன் மகனுக்கு ஸ்கூல் கிடைச்சிருக்குமா?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சரி. நீங்கள் படிச்சனீங்கள். உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அத்தியாயத்தை எடுத்தது ஒரு குற்றம். அடுத்தது அதைவிடக் கேவலம். பன்னிரண்டு போனால் பதினொன்றில் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் பதின்மூன்றில் கொழும்பில் இருப்பார்கள். வாசகர் கேட்பாரே? எண்களை மாற்றினேன். இடைவெளி தெரியாமல் இருக்க அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு வரியை நானே எழுதிச் சேர்த்தேன்: ஒரு வழியாக மகனுடன் கொழும்பு வந்து சேர்ந்தேன். டீச்சரின் நடையில், அவருடைய குரலில் எழுதினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் எனக்கு ஒரு தொழில் பெருமைகூட இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு எந்த நினைவுக்குறிப்பைப் படித்தாலும் இப்படிப்பட்ட வரிகளில் நின்றுவிடுகிறேன். எல்லைகளும் காவல் சாவடிகளும் நிறைந்த ஒரு நாட்டில் யாராவது ஒரே வரியில் எங்கிருந்தாவது எங்காவது வந்து சேர்ந்தால், அந்த வரிக்கு அடியில் யாரோ புதைக்கப்பட்டிருக்கிறார். புதைத்தது எழுதியவரா, என்னைப் போன்ற பதிப்பாசிரியரா என்று விசாரியுங்கள். ஒரு போரைப் புத்தகங்கள் வழியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவனுக்குக் கடைசியில் இதைவிடப் பயனுள்ள வழி எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டத்தோ கிராமாட்டில் ஒரு மண்டபத்தில். கூட்டம் நிறைந்திருந்தது. டாக்டரைச் சக்கர நாற்காலியோடு மேடையில் தூக்கி வைத்தார்கள். முதல் பிரதியை வாங்கினார். சங்கத்தவர்கள் வரிசையில் வந்தார்கள். பேச்சாளர்கள் இருவர் புத்தகத்தைப் படிக்காமலேயே நன்றாகப் பேசினார்கள். கடைசியில் டீச்சரின் ஏற்புரை. பின்னால் வடையின் மணம் வரத் தொடங்கியிருந்தது.

டீச்சர் அப்போதுதான் கையில் கொடுத்த புத்தகத்தைத் திறந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இதிலை ஒரு வரி இருக்குது. 'ஒரு வழியாக மகனுடன் கொழும்பு வந்து சேர்ந்தேன்.' இது நான் எழுதினதில்லை."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அச்சுப்பிழையைச் சொல்கிறார் என்று நினைத்தார்கள்.

"எந்த வழியா வந்தனான் எண்டு இப்ப சொல்லுறன்."

தாள் இல்லாமல் பன்னிரண்டாம் அத்தியாயத்தைச் சொல்லத் தொடங்கினார். வகுப்பில் பாடம் எடுக்கும் குரல். பாஸ் கொடுக்கும் இடம், மேசைக்குப் பின்னால் இருந்த மாணவன், பொன்னுத்துரையின் பேனா. முன்வரிசையில் இருவர் எழுந்து வெளியே போனார்கள். பிறகு ஒரு குடும்பமே போனது. சங்கச் செயலாளர் மேடையின் ஓரத்திலிருந்து நிறுத்தச் சொல்லி எனக்குக் கையை வெட்டிக் காட்டினார். நிகழ்ச்சி நெறியாளர் நான்தான்.

பேச்சு நீண்டால் நாம் செய்வது உங்களுக்குத் தெரியும். ஒரு துண்டுத் தாளில் 'நேரம் முடிந்தது' என்று எழுதிப் பேச்சாளர் முன்னால் வைப்போம். பெரிய பெரிய பேச்சாளர்களை அப்படி இறக்கியிருக்கிறேன். அன்றும் எழுதினேன். ஆம், எழுதினேன். நானே நடந்து போய் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை எடுத்தார்.

"நேரம் முடிஞ்சுதெண்டு தம்பி எழுதித் தந்திருக்கிறார்," என்று ஒலிவாங்கியில் சொன்னார். "பொன்னுத்துரைக்கும் அப்பிடித்தான் ஆரோ சொல்லியிருப்பினம். நான் முடிக்கேல்லை தம்பி. நீங்கள் இருங்கோ."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கெலுகோரிலிருந்து வந்திருந்த பல்கலைக்கழக மாணவர்கள் என்று நினைக்கிறேன். நான் என் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். எழுந்து போக நினைத்தவர்கள் போய்விட்டார்கள். டாக்டரால் மட்டும் போக முடியவில்லை. சக்கர நாற்காலியை இறக்க நாலு பேர் வேண்டும், நாலு பேரும் வெளியே போயிருந்தார்கள். கடைசிவரை கேட்டார். என் பிள்ளைக்கு விலையாக அவரைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று டீச்சர் சொன்னபோது அவர் கண்களை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் தொலைபேசி ஓயவில்லை. "நீ யாருடா எங்க போரைப் பத்திப் புஸ்தகம் போட?" என்றார் ஒருவர். இன்னொருவர் என் பக்கத்து ஆள், தஞ்சாவூர்க்காரர்: "சிலோன்காரங்க சண்டையில நமக்கு என்னா வேலை அண்ணே?" சங்கத்தின் ஆண்டறிக்கை வேலை எங்களிடமிருந்து போய்விட்டது என்று மதியத்துக்குள் செய்தி வந்தது. முதலாளி என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார். வேலை போகப்போகிறது என்று நினைத்தேன்.

"நேத்து அந்தம்மா சொன்னது புஸ்தகத்துல இல்லையாமே?"

"எடுத்துட்டேன் முதலாளி."

"எனக்குச் சொல்லாமயா?"

"சொன்னா நீங்க போடச் சொல்லுவீங்கன்னு..."

 "இருநூறு பேரு முன்னால அவங்க பேசிட்டாங்க. இன்னும் யாருக்குப் பயந்து நம்ம வாய மூடிக்கிட்டு இருக்கணும்? மிச்ச புஸ்தகத்த வெளிய விடாதீங்க. அந்த அத்தியாயத்தச் சேர்த்துத் திருப்பி அச்சடிங்க. டாக்டர் பேரு ஓரிடத்துலயும் இருக்கக்கூடாது, பாவம், அவரு அக்கா இருக்காங்க."

நான் அவருக்குக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்த புத்தகத் தொழிலில், முடிவெடுக்க அவருக்குப் பிடித்த நேரம் அவ்வளவுதான்.

இரண்டாம் பதிப்பின் பக்கங்களோடு நான் மறுபடியும் டீச்சரிடம் போனேன். இம்முறை அண்ணன் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. டீச்சர் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினார். பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"முதல் பதிப்பு வாங்கின ஆக்கள் இரண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாப்பினம்," என்றார். "நான் பிறகு கட்டிச் சேர்த்த கதை எண்டு சொல்லுவினம்."

"சொல்லத்தான் செய்வாங்க."

"அப்ப நீங்கள் எழுதோணும். முதலிலை இருந்தது, நான்தான் எடுத்தனான், அந்த வரியும் நான்தான் எழுதினனான் எண்டு. பேரோடை."

 ஆசிரியரின் குரலில் பதிப்பாசிரியர் ஒரு வரியை இட்டுக்கட்டினார் என்று அச்சில் வந்தால், அதற்குப் பிறகு யார் என்னிடம் ஒரு பிரதியை நம்பிக் கொடுப்பார்கள்? பெயர் இல்லாமல் 'பதிப்பகத்தார்' என்று போடலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவர் எனக்காகக் கையெழுத்து வைச்சவர்," என்றார் டீச்சர். "நீங்கள் செய்ததுக்கு நீங்கள் வைக்க மாட்டியளோ?"

அங்கேயே, அவர் வீட்டு மேசையிலேயே எழுதினேன். என் தொழில் வாழ்க்கையில் யாரும் திருத்தாத ஒரே பக்கம் அது. அணிந்துரை இருந்த இடத்தில் அதைப் போட்டோம். வெளியீட்டு விழா வைக்கவில்லை. நாலைந்து வருடம் என்னை எந்த மேடைக்கும் யாரும் அழைக்கவில்லை. மூன்று எழுத்தாளர்கள் தங்கள் பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரி. அதற்காக நான் ஒரு நாளும் அந்தப் பக்கத்துக்கு வருந்தியதில்லை. வருந்துவது அதற்கு முன்னால் செய்ததற்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பாவம் நல்ல மனிதர் என்று என்னை யாரும் தேற்ற வர வேண்டாம். இயக்கத்துக்கு எதிரி என்றும் இனத்துக்கு எதிரி என்றும் அப்போது சொன்னார்கள். இப்போதும் சிலர் சொல்கிறார்கள். ஒரு கூட்டுறவுக் கடை மேலாளரின் பெயரைச் சொன்னால் உடைந்துவிடுகிற இனம் எது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஒரு முறை தொலைபேசியில் அழைத்தார்.

"என் பேரு எங்கயும் இல்லல்ல?"

"இல்லைங்க டாக்டர்."

"குட்." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "ஒண்ணு வீட்டுக்கு அனுப்பு தம்பி," என்றார்.

கனடாவுக்கு இரண்டு பிரதிகள் அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து அச்சகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வரும் அழைப்புகளுக்கே உரிய இரைச்சல். ஓர் இளம்பெண் என் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"நான் பொன்னுத்துரையின்ரை மகள். முன்பக்கத்திலை எழுதியிருக்கிறது நீங்களோ?"

"ஆமாம்மா."

"அப்பான்ரை பேரை முதல் எடுத்ததும் நீங்கள்தான்?"

"நான்தான்."

 அந்த நேரத்துக்காகவே மனதில் தயாராக வைத்திருந்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். நல்ல வாக்கியங்கள். இரண்டாவது வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை.

"அதை நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு ஒரு பெட்டி புத்தகம் வேணும். இஞ்சை என்னட்டைக் கேள்வி கேட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் குடுக்கப்போறன்."